கிணறு என்னுடையது, தண்ணீர் யாருடையது?

வாசகரே, உங்கள் வீட்டுப் பெட்டகத்திற் பழைய காணி உறுதி ஒன்று இருக்குமானால், இன்று அதை எடுத்து விரித்துப் பாருங்கள். நான்கு எல்லைகளும் சொல்லி, வீடும் பனையும் தென்னையும் பலாவும் சொல்லி முடிந்தபின், கிணற்றைப் பற்றி ஒரு வரி வரும். கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, அதற்குப் போகும் வழி உரித்து, வாய்க்கால் உரித்து என்றிருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து வந்ததால், சில உறுதிகளில் அந்தப் பங்கைக் கண்டுபிடிக்கவே ஒரு கணக்கு வாத்தியார் தேவைப்படும். நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். என் தாயாரின் உறுதியிலுள்ள கிணற்றுப் பங்கைக் கூட்டிப் பார்த்தபோது, எல்லாருடைய பங்கும் சேர்ந்து ஒன்றுக்கு மேலே போயிற்று. எங்கோ ஒரு நொத்தாரிசு தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கிணற்றடியில் அதனால் ஒரு சண்டையும் வந்ததாக நான் அறியவில்லை.

அந்த உறுதியிற் கிணறு இருக்கிறது, வழி இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிணறு என்பது நாம் வெட்டிய குழி; கல் கட்டியதும் கூலி கொடுத்ததும் நாம். அதனுள்ளே ஊறி வருவதும் நம்முடையதுதானா? இது வழக்கறிஞருக்குரிய கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். குழாய்க்கிணறும் மலசலகூடக் குழியும் உள்ள ஒவ்வொரு வீட்டுக்காரரும், அதாவது நீங்களும் நானும், மறுமொழி சொல்ல வேண்டிய கேள்வி இது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதத்திலேயே கொட்டிவிடுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளே இறங்கி அடியிலே தங்குகிறது. ஆனால் அது நிற்பது கல்லின் மேலல்ல, கடல் நீரின் மேல். பெரும்பாலும் கடல் சூழ்ந்த நிலமாதலால் ஆழத்தில் உவர்நீர் பரந்து கிடக்கிறது. காய்ச்சிய பாலின்மேல் ஆடை படர்ந்திருப்பதுபோல நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று இப்படி நான்கு பெரும் நன்னீர்ப் படுக்கைகள் குடாநாட்டில் உண்டு. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போனவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. நம் எல்லாருடைய காணிக்கும் அடியில் இருப்பது அதே நிலாவரைதான்; நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1888ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரான கைபன் என்பவரும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே இதைக் கண்டார்கள். நன்னீரிலும் கடல்நீர் சற்றுப் பாரமானது. ஆயிரத்துக்கு ஆயிரத்து இருபத்தைந்து. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். நல்லது. இதைத் திருப்பி வாசியுங்கள். மேலே நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். வெடிப்பும் பொந்தும் உள்ள நம்முடைய கல்லில் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது, நாளடைவிலேயே நடக்கும். ஆனால் அது எந்தப் பக்கம் போகும் என்பதிற் சந்தேகமில்லை. கோடையிற் கிணற்றில் ஓர் அடி குறைந்தது என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது, கண்ணுக்குத் தெரியாமற் கீழே நடப்பது அதைவிடப் பன்மடங்கு பெரிது.

அந்தப் பொந்துகள் வேலி அறியா, மதில் அறியா. கீரிமலையிற் கடலோரத்தில் ஊற்றெடுக்கும் நன்னீர் கேணிக்காரருடைய வளவில் மட்டும் பெய்த மழையல்ல. நான் இன்று இறைக்கும் தண்ணீர் நேற்று அயலவரின் காணிக்குக் கீழே இருந்திருக்கலாம். என் குழியில் விழுந்தது நாளை அவருடைய வாளியில் வரலாம்.

அக்காலத்தில் தோட்டத்துக்கு இறைப்பதென்றால் துலா வேண்டும். ஒருவர் அல்லது இருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்கால் மாற்றுவார். மனிதனுடைய கால் எவ்வளவு நடக்குமோ அவ்வளவுதான் தண்ணீர். தனியொருவன் இறைக்கவும் முடியாது. ஆகவே இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று முறை வைத்தார்கள். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதன் பின் மின்சாரப் பம்பு வந்தது. சுவிச்சைப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் செய்தி கேட்கலாம். உழைப்பு மிச்சம், அதை நான் குறை சொல்லவில்லை; துலா மிதித்தவர்களின் பாதத்தைப் பார்த்தவன் குறை சொல்லவும் மாட்டான். ஆனால் அயலவரோடு பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இயந்திரத்தோடு போய்விட்டது.

நிற்க. பழைய காலத்தைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியல்ல. அந்தப் பங்குக் கிணறுகளிற் பங்கில்லாதவர்கள் இருந்தார்கள். கிணற்றடிக்கு வரக்கூடாது, தூர நின்று கையேந்தி யாராவது ஊற்றினால் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று இந்த மண்ணிலே மனிதரை வைத்திருந்தார்கள். கே. டானியல் ‘தண்ணீர்’ என்ற பெயரிலேயே நாவல் எழுதவேண்டி வந்தது. அந்தக் காலத்தில் ஞாயிறு தவறாமற் பூசை கண்ட வீடுகளிலும் இது நடந்தது. அந்தப் பழியிலிருந்து நாம் நழுவிக்கொள்ள முடியாது. கூடிப் பகிர்ந்தார்கள் என்று சொல்லும்போது, யாரை விட்டுவிட்டுக் கூடினார்கள் என்றும் கேட்கவேண்டும். இக்கட்டுரையில் இந்தக் கேள்வி இன்னொரு முறையும் வரும்.

இனி நகரத்துக்கு வருவோம். நான் இருப்பது பட்டணத்தில், இரண்டு பரப்புக்கும் குறைந்த காணி. பக்கத்து வளவு தந்தையார் காலத்தில் ஒன்றாயிருந்து, இப்போது மூன்றாகப் பிரிந்து மூன்று வீடு. வீட்டுக்கொரு கிணறு, வீட்டுக்கொரு மலசலகூடக் குழி. இரண்டுக்கும் இடையே 50 அடி இருக்கவேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். சென்ற வருடம் அயலிலுள்ள தம்பி ஒருவர் புதிதாகக் குழி வெட்டத் தொடங்கினார். அது என் கிணற்றுக்குக் கிட்ட வருகிறதென்று கண்டு, சற்றுக் கோபத்தோடுதான் போய்ச் சொன்னேன். அவர் மரியாதையாகவே மறுமொழி சொன்னார்.

“மாஸ்ரர், அம்பதடிக்கு நான் எங்க போறது? காணின்ர அகலமே அம்பதடிதான். அதோட, உங்கட குழி என்ர கிணத்துக்கு எவ்வளவு தூரமெண்டு ஒருக்கா அளந்து பாருங்கோவன்.”

அளந்து பார்த்தேன். முப்பத்திரண்டு அடி. இருபத்தாறு வருடமாக அந்தக் குழி அங்கே இருக்கிறது. அடி திறந்த குழி. ஒருநாளும் நிரம்பவில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். நிரம்பாத குழி எங்கே போயிற்று என்று கணக்குப் படிப்பித்தவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

குழியிலிருந்தும் தோட்டத்துக்குப் போடும் உரத்திலிருந்தும் தண்ணீருக்குள் இறங்குவது நைத்திரேற்று. நிறமில்லை, மணமில்லை, சுவையும் மாறாது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருப்பதாக ஆய்வாளர்கள் பல வருடங்களாகவே சொல்லிவருகிறார்கள். பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். இரத்தம் பிராணவாயுவை எடுத்துச் செல்லும் வலுவை இழக்கக்கூடும், பிள்ளையின் உடல் நீலம் பாரிக்கக்கூடும். தாய்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும்: தண்ணீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற அது செறியும். போத்திற் பால் கரைக்கும் வீடுகள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பிக்காமல் இருக்கலாகாது.

குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கடலை ஒட்டியிருப்பதாற் கிணறுகளிற் சவர். அவர்கள் பவுசரையும் குழாயையும் நம்பியவர்கள். நகரின் குழாய்த் தண்ணீர் நெடுங்காலமாகக் கோண்டாவில், திருநெல்வேலிக் கிணறுகளிலிருந்தே வந்தது. அங்கே செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். கமக்காரர் போடும் உரத்தின் மிச்சம் எந்த நீரில் இறங்கியதோ, அதே நீர்தான் கடற்கரையிற் கைக்குழந்தையின் வாய்க்குப் போனது. கமக்காரருக்கு அந்தக் குழந்தையைத் தெரியாது. குழந்தையின் தகப்பனுக்கு, வெங்காயம் விலை குறைவாய் இருந்தாற் போதும். இதிற் குற்றவாளி யார்? உரத்தைக் குறையென்று கமக்காரருக்குப் புத்தி சொல்வது இலகு. குறைத்து விளைச்சல் விழுந்தால் அந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதற்கு மறுமொழி சொல்லாமற் புத்தி மட்டும் சொல்வது நீதியாகாது.

இதே சிக்கலை வேறொரு நாட்டிற் பெரிய அளவிற் சந்தித்தவர்கள் உண்டு. நியூயோர்க் நகரத்துக் குடிநீரிற் பெரும்பகுதி நூறு மைலுக்கும் அப்பால்வரை பரந்த மலைப்பகுதியிலிருந்து வருகிறது. அங்கே மாட்டுப்பண்ணைக்காரரும் சிறு ஊர்களும் இருக்கிறார்கள். பண்ணைக் கழிவு நீரிற் கலக்கிறதென்று 1990ஆம் ஆண்டளவில் நகரம் கடுமையான விதிகளைப் போட எத்தனித்தது. பண்ணைக்காரர் கொதித்தெழுந்தார்கள், நகரத்தின் நீர்த்தேக்கங்களுக்காகத் தங்கள் பாட்டன்மாரின் ஊர்களே முன்னர் மூழ்கடிக்கப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. வடிகட்டும் பெருநிலையம் ஒன்றைக் கட்டுவதென்றாற் பல நூறு கோடி டொலர் வேண்டும். வருடக்கணக்காகப் பேசினார்கள். 1997இல் நகரமும் ஊர்களும் மாநிலமும் ஒப்பந்தம் செய்தன. எருக்குவியலை நீரோடையிலிருந்து விலக்கவும், வீட்டுக் கழிவுக்குழிகளைத் திருத்தவும் ஆகும் செலவில் நகரம் பங்கெடுத்தது. பண்ணையிற் செய்யவேண்டியதைப் பண்ணைக்காரரே கூடித் தீர்மானித்தார்கள். மனக்கசப்பு முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் குடிக்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே மேசையில் இருந்தார்கள். நகரம் உபதேசத்தோடு போகாமற் பணத்தோடு போனது. நம்முடைய பட்டணம் கோண்டாவிற் கமக்காரரிடம் எதைக் கொண்டுபோனது?

மேசை இல்லாதபோது நடப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2014, 2015இற் சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக முறைப்பாடுகள் எழுந்தன. ஒரு வளவிற் கசிந்தது ஊர் ஊராகப் பேச்சாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்பிரலிற் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பாயிற்று. தீர்ப்புக் கிடைத்தது நன்று. ஆனால் அதற்குமுன் சனங்கள் எத்தனை நாள் எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்!

இரணைமடுக் கதை இன்னும் கடினமானது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் உருவானது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். அப்போது யாழ்ப்பாணத்திற் பலர், நானும் ஒருவன், “குடிக்கத் தண்ணீர் கேட்டால் மறுக்கிறார்களே, இவர்களும் தமிழர்தானா” என்று பேசினோம். அந்தப் பேச்சுக்காக இன்று வெட்கப்படுகிறேன். சிறுபோகத்திற் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது. உள்ளதைப் பங்கிட்டே அவர்கள் விதைக்கிறார்கள். போரில் எல்லாம் இழந்து, அப்போதுதான் மீளக்குடியேறி, முதல் விதைப்பை விதைத்துக்கொண்டிருந்தவர்களிடம் நாம் கேட்டோம். கேட்டோமென்பதும் பிழை, திட்டம் வரையப்பட்ட பின்னரே அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்பதுதான் அவர்களுடைய மனத்தாங்கல். கூடித் தீர்மானிக்கிறோம் என்றவர்கள் யாரை விட்டுவிட்டுக் கூடினார்கள் என்று இங்கேயும் கேட்கவேண்டியிருக்கிறது.

ஆதியாகமத்தில் ஈசாக்கின் கதை நினைவிருக்கும். அவருடைய ஆட்கள் கிணறு வெட்ட, கெராரின் இடையர் தண்ணீர் எங்களுடையது என்று வாதாடினார்கள். இன்னொன்று வெட்ட, அதற்கும் சண்டை. அவர் அப்பாற் போய் மூன்றாவதை வெட்டினார். அதற்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை. சமாதானப் பிரியரின் கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் ஈசாக்குக்கு அப்பாற் போக நிலம் இருந்தது. நமக்கு அப்பாலே கடல்தான்.

கடைசியில் நாமும் கடலுக்கே போனோம். வடமராட்சி கிழக்கிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டிற் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடி 40 இலட்சம் லீற்றர் ஆக்கக்கூடியது. சவர்த் தண்ணீரோடு காலந்தள்ளிய குடும்பங்களுக்கு இது பேருதவி, நான் மகிழ்கிறேன். அங்குள்ள கடற்றொழிலாளர், வெளியே விடப்படும் உப்புச் செறிந்த நீரால் மீன் விலகிவிடுமோ என்று அஞ்சி எதிர்த்ததையும் மறக்கலாகாது. கடல்நீரை மாற்ற மின்சாரம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இந்த மூன்றாம் கிணறு இரணைமடுச் சண்டையை ஓயவைத்தது. அந்தச் சண்டைக்குள் இருந்த கேள்வியை அப்படியே விட்டுவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிறதென்று நம் நிலத்தடி நீரைக் கைவிட்டோமானால், தோட்டக்காரனுக்கும் குழாய் எட்டாத வீட்டுக்கும் மிஞ்சுவது நம்முடைய அழுக்கு.

“நான் ஒருவன் அடக்கமாய் இறைத்து என்ன பயன்? மற்றவன் இறைத்துவிடுவானே” என்று நீங்கள் கேட்கலாம். இது சோம்பேறியின் கேள்வியல்ல, நியாயமான கேள்வி. ஆயிரம் பம்பு ஓடுமிடத்தில் ஒன்று நின்றால் நீர்மட்டம் ஒரு மயிரிழையும் உயராது. அப்படியானால் என் பம்புக்குக் குற்றமே இல்லையா? ஆயிரம் பேரும் இதையே சொல்லலாம். ஒருவரும் குற்றவாளியில்லாமல் உப்பு ஏறிவிடும். ஆனால் தனியே தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, நான் சரியாய் இருக்கிறேன் என்று திருப்திப்படுவதும் கடமையை முடித்ததாகாது என்றே எனக்குப் படுகிறது. பொருளை ஒருவன் தனதென்று வைத்துப் பேணலாம், பயனைப் பொறுத்தமட்டில் அதைப் பொதுவென்றே எண்ணவேண்டும் என்று அக்குவினாஸ் தோமையார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே போதித்தார். கிணற்றுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. பொதுவானதைத் தனியே பேண வழியில்லை. ஆகவே இதில் முதற் கடமை குறைத்து இறைப்பதல்ல. வேலியடிக்குப் போய், அயலவரோடு பேசி, ஓர் உடன்பாட்டுக்கு வருவதுதான். தருமம் கொடுப்பது இதைவிட இலகு. அதற்கு ஒருவரோடும் வாதாட வேண்டியதில்லை, நம் குழியை ஒருவரும் அளக்கவும் மாட்டார்கள்.

அந்தத் தம்பியின் வீட்டுக்கு இரண்டாம் முறை போனபோது அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோனேன். நான்கு வீட்டாரும் அவருடைய விறாந்தையில் இருந்தோம். நான்கு குழிகளையும் மூடிவிட்டு, வீதிப் பக்கமாக அடியும் பக்கமும் சீமெந்தால் இறுகக் கட்டிய ஒரே தொட்டி. நிரம்பினாற் சபையின் பவுசரைக் கூப்பிட்டு இழுப்பிப்பது. கூரைத் தண்ணீரை வீதி வாய்க்காலுக்கு விடாமல் வடித்துக் கிணறுகளுக்குத் திருப்புவது. குடிக்க ஒரே கிணறு, அதைப் பரிசோதிப்பிக்கும் செலவு நான்கு பங்கு. இவ்வளவும் பேச இரண்டரை மணித்தியாலம் சென்றது. மூன்றாவது வீட்டுக்காரர் வாடகைக்கு இருப்பவர். சொந்தக்காரர் கனடாவில், கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான்காவது வீட்டு அம்மா கைம்பெண். தன் பங்குப் பணத்தை ஒரே தடவையிற் தர இயலாது என்றபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தம்பிதான், “அக்கா, உங்கட பங்கைப் பிறகு பாப்பம். குழி முதல் மூடுப்படட்டும்” என்றார்.

கனடாவிலிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. தொட்டிக்கு மேசன் கேட்ட தொகை எனக்குக் கூடுதலாகத்தான் தெரிகிறது. வேறொருவரையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மாரி தொடங்குமுன் கூரைப் பீலியையாவது மாற்றிவிடலாமென்று வரும் ஞாயிறு பூசைக்குப் பின் நாங்கள் மீண்டும் கூடுகிறோம். இம்முறை என் வீட்டு விறாந்தையில்.